நிலைக்கு மேலே சி, எம், பி

...பக்கத்துத் தெருவரைக்கும் வந்துவிட்டார்களாம், எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்பியத்து ஸ்நேகா வாட்ஸப்பில் போட்டிருக்கிறாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் நம் வீடுதான், தீர்த்தத்துக்குக் கிண்ணம், மெழுகுவர்த்தி, மேசைவிரிப்பு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று, என் புருஷன் மட்டும்தான் இல்லை... காலையிலேயே தீனாவுக்குச் செய்தி அனுப்பினேன், 'சாயங்காலம் ஃபாதர் வீடு மந்திரிக்க வராரு', அவ்வளவுதான், வா என்று எழுதவில்லை, ஏன் எழுத வேண்டும், தெரியாதா அவனுக்கு? நீல டிக் விழுந்துவிட்டது, படித்துவிட்டான், பதில்தான் இல்லை, சிறுசேரியிலிருந்து செம்பாக்கம் என்ன சீமையிலா இருக்கிறது... டிராஃபிக்கில் தினம் தினம் சாகிறேன் ஜென்சி, வாரநாளில் மட்டும் ஆபீஸ் பக்கத்தில் ரூம் எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் ஆடியில் போனான், சண்டைகூடக் கிடையாது, சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம், வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தவன் சனிக்கிழமை வந்தான், அப்புறம் சனிக்கிழமையும் வேலை என்றான், மழை என்றான், தீபாவளிக்கு அவன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான், கிறிஸ்மஸுக்கு கேக்கை மட்டும் யாரிடமோ கொடுத்தனுப்பினான். அந்தக் கேக்கை யாருக்கு வெட்டுவது? ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது.

மாதா கோயிலுக்குக் கூப்பிட்டால் நீ போய்ட்டு வா, நான் சோறு வைக்கிறேன் என்பான், இந்துப் பையன், என் அம்மாவுக்கு அதுவே பெரிய குறை, ஆனால் ஜனவரியில், குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தால் மட்டும் அவனைப் பிடிக்க முடியாது, ஃபாதர் மந்திரித்துக் கொடுக்கிற சாக்பீஸை முதல் ஆளாகக் கை நீட்டி வாங்குவான், உயரமானவன், எட்டி நிலைக்கு மேலே எழுதுவான், முன்னால் இருபது, நடுவில் சி, எம், பி, இடையிடையே சிலுவை, கடைசியில் வருஷத்தின் மிச்ச இரண்டு எண்... கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று மூன்று ராஜாக்களையும் கூடப் படித்தவர்கள் மாதிரிச் சொல்லுவான். முதல் வருஷம் வீட்டு ஓனர் ஞானாம்பாள் அக்கா மாடியேறி வந்தவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னா தீனா, கோயம்பேடு பஸ் ஸ்டாண்டா? சி.எம்.பி.டி.ல டி-ய வுட்டுட்டியே" என்றாள், "இல்லக்கா, மூணு ராஜா பேரு, நட்சத்திரத்தப் பாத்துக்கினே வந்தாங்க" என்றான், "பஸ்ஸு இல்லாத காலம் போலக் கீது" என்று அவள் இறங்கிப் போனாள், அதற்கு அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... சிரித்துக்கொண்டே சாக்பீஸ் கையை என் கருநீலப் புடவையில் துடைத்தான், எவ்வளவு திட்டினேன். இன்றைக்கும் அதே புடவைதான் கட்டியிருக்கிறேன், வெட்கமில்லாமல்.

வந்துவிட்டார்கள், ஃபாதரும் பின்னால் ஸ்நேகாவும், ஜெபம் முடிந்தது, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தாயிற்று, அவன் சட்டைகள் இல்லாத அலமாரிமேல்கூட நாலு துளி விழுந்தது, கடைசியில் வாசலுக்கு வந்து சாக்பீஸை எடுத்த ஃபாதர் சுற்றிப் பார்க்கிறார். "சார் எங்கம்மா? அவர்தானே எழுதுவாரு?" வந்துட்டே இருக்காரு ஃபாதர், என்கிறேன், மந்திரித்த தண்ணீர் நெற்றியில் இன்னும் காயவில்லை, அதற்குள் பொய்... "பரவால்ல, நீங்களே எழுதுங்க, நேரமாச்சு." ஸ்டூலைப் போட்டு ஏறி எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. ஸ்நேகா கீழிருந்து சிரிக்கிறாள், "அக்கா, இருபத்தஞ்சு போட்டுட்டீங்க, அது போன வருஷம்." ஃபாதரும் சிரிக்கிறார், "ஜனவரில எல்லாரும் பண்றதுதான். அழிக்க வேணாம்மா, அஞ்சோட வாயை மூடிட்டா ஆறு ஆயிடும்." உண்மைதான், ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான் வேலை, கை எழமாட்டேன் என்கிறது... இத்தனை நாளும் தீனா வர வேண்டும், வர வேண்டும் என்றுதானே ஏங்கிக்கொண்டிருந்தேன், இப்போதே படியேறி வந்தாலும் எந்தத் தீனா வருவான்? நான் கேட்கிறவன் சாக்பீஸ் கையோடு சிரித்தவன், அவன் சிறுசேரியிலும் இல்லையே. "என்னம்மா, எட்டலையா?" என்கிறார் ஃபாதர்.