தொட்டியில் பிறந்த நண்டுகள்

நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். என் வீட்டுக்காரர் கொழுக்காமலே தங்கமாட்டார். நாங்கள் நண்டு வளர்க்கும் குளத்தின் கரையில் குட்டி போட்ட பூனை மாதிரி அலைவார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். இந்த முறை ஓடியதற்குக் காரணம் இருந்தது. கழிமுகத்தில் வலை போடுகிறவர்கள் முன்பெல்லாம் நண்டுக் குஞ்சுகளைக் கூடைகூடையாகக் கொண்டுவருவார்கள். இப்போது அந்தக் கூடையின் அடிதான் தெரிகிறது. வேறு வழியில்லாமல் பொரிப்பகத்துத் தொட்டியில் பிறந்த சேற்று நண்டுக் குஞ்சுகளை வாங்கி, குளத்து மூலையில் வலைக்கூண்டு கட்டி விட்டிருந்தோம். ஒவ்வொன்றும் மிளகு அளவு.

இவை பிழைத்தால் குளம் இருக்கும், அவரும் வீட்டில் இருப்பார். இல்லாவிட்டால் பழையபடி கப்பல் வேலைக்குப் போய்விடுவார். கல்யாணமானதிலிருந்து அவர் முகத்தைவிட போனில் வரும் குரலைத்தான் நான் அதிகம் அறிவேன். திரும்பவும் அப்படி இருக்க என்னால் முடியாது.

குஞ்சுகளை வாங்கிக்கொண்டு நாங்கள் கிளம்பும்போதே பொரிப்பகத்து மேடம் சொன்னார்: "ஒளிஞ்சுக்க குழாய்த் துண்டு, கிழிஞ்ச வலை எல்லாம் போடுங்க. போட்டதைத் தூக்கிப் பார்க்காதீங்க. ஓடு கழட்டின குஞ்சு மெத்துனு இருக்கும். வெளிய வந்தா மத்தது தின்னுரும்."

யாரிடம் சொன்னார் பாருங்கள். மறுநாளே இவர் கூண்டுக்குள் குனிந்து நின்றார்.

"ஏங்க, மறுபடியும் தூக்கினீங்களா?"

"ஒண்ணே ஒண்ணுதான். உசிரோட இருக்கான்னு பார்த்தேன்."

தீனிக்கு மீன் அரியச் சொன்னேன்; அரிந்துவிட்டுத் தூக்கினார். வலை தைக்கச் சொன்னேன், தைத்துவிட்டுத் தூக்கினார். ஒரு நாள் உள்ளங்கையில் பாதி தின்ற குஞ்சோடு வந்து, "ஒண்ணை ஒண்ணு தின்னுதுடி," என்றார்.

"நண்டு தின்னலைங்க. நீங்கதான் தின்னுறீங்க."

அதற்குப் பிறகு அவர் ஒன்றையும் தொடவில்லை. கரையை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார். அதைப் பார்த்தபோது, அவர் குஞ்சைத் தூக்கியதே தேவலை என்றிருந்தது.

ஒரு மாதம் கழிந்து, புளியங்கொட்டை அளவாவது ஆகியிருக்க வேண்டிய குஞ்சுகளைக் கூண்டிலிருந்து குளத்தில் பிரித்துவிடும் நாள் வந்தது. தண்ணீரைக் கணுக்கால் அளவுக்கு வடித்தோம். முதல் குழாயில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. கிழிந்த வலையை உதறினால் கழற்றிப்போட்ட ஓடுகள்தான் உதிர்ந்தன.

"போச்சு," என்றார். "கப்பல் ஏஜெண்டுக்குப் போன் பண்ணிர்றேன்." கூண்டின் கம்பைப் பிடுங்கச் சேற்றில் இறங்கியவர், இரண்டடி வைத்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"கடிக்குது."

"காலை உதறுங்க."

"உதறினா கொடுக்கைக் கழட்டி விட்டுட்டுப் போயிரும். ஒத்தைக் கொடுக்கோட அது எப்படிப் பொழைக்கும்?"

எல்லாம் சேற்றுக்குள் புதைந்து கிடந்திருக்கின்றன. நான் கரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் கண்ணிலும் தண்ணீர். வலியா வேறா என்று நான் கேட்கவில்லை.

"இந்தக் கால்லயும் ஒண்ணு," என்றார், அசையாமல்.