தாய் உணவகம்

காதலி அனுப்பிய செய்தி சுத்தத் தமிழில் இருந்தது. "சனி மதியம் தாய் உணவகத்துக்கு வந்துவிடு. அப்பா உன்னைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதமா இல்லையா என்று சொல்வாராம்." அவள் அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு ஒற்று விட்டுப்போனால் சோறு இறங்காதவர் என்பதால் அங்கே அவருக்கு 'ஒற்று' என்றே பெயர். மகள் செய்தியில் ஆங்கிலம் கலந்தால் திருத்தித் திருப்பி அனுப்புவாராம்.

லிஃப்ட் மெக்கானிக் செய்தியை மூன்று முறை படித்தான். அம்மா சனிக்கிழமைகூட வேலைக்குப் போகிறாள் என்று அவள் அலுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஆக, அம்மா உணவகம் நடத்துகிறாள். இத்தனை நாள் சொல்லவேயில்லையே, கள்ளி. அறை நண்பனும் அதையே சொன்னான். மாமியாரை மடக்கிவிட்டால் மாமனார் தன்னால் மடங்குவார், கொஞ்சம் முன்னாடியே போய் நில்லு என்றான்.

அவள் அனுப்பிய இடக்குறியை வைத்துக் கைபேசி வரைபடம் அவனை ஒரு சந்து வழியாக இழுத்துப்போய்ச் சமையலறைப் பின்கதவில் விட்டது. பெயர்ப்பலகை முன்பக்கத் தெருவில் இருந்ததால் அவன் கண்ணில் படவில்லை. உள்ளே வாணலி முன் நின்ற பெண்மணிக்கும் காதலிக்கும் எந்த ஜாடையும் இல்லை. சரி, பெண் அப்பாவைக் கொண்டு பிறந்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

"என்னை இன்னைக்கு வரச் சொல்லியிருந்தாங்க" என்று, தமிழ் வழங்காத அந்த ஊரில் வாய்க்குப் பழகிப்போன பொதுமொழியில் சொன்னான்.

அம்மாள் தலையசைத்தாள். அவளும் ஒருவனை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். பரிமாறும் வேலைக்குப் புதிய ஆள் வருவதாக ஏற்பாடு. எத்தனை வருஷமாக என்று கேட்டாள். இரண்டு வருஷமாக என்றான். நிலைத்து இருப்பாயா, ரெண்டு மாசத்தில் ஓடிவிடுவாயா என்றாள். உயிர் இருக்கும்வரை என்றான். அம்மாள் கரண்டியை வைத்துவிட்டு அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அந்தத் தொழிலில் அவள் கேட்டிராத பதில் அது. பிறகு ஒரு ஏப்ரனை எடுத்து நீட்டினாள்.

மாமியார் கையால் முதல் மரியாதை. கட்டிக்கொண்டான்.

மேசை துடைத்தான், தட்டு எடுத்தான். சோதனை கடுமையாகத்தான் இருந்தது. அப்போது ஒற்று தனியாக வந்து ஜன்னலோரம் அமர்ந்தார். காதலி காட்டிய அப்பா படத்தில் பார்த்த முகம். மகள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவன் சூப்பைக் கொண்டுபோய் வைத்து, சூடா குடிங்க மாமா என்றான். வெயிட்டருக்குத் தமிழ் தெரிகிறதே என்று மகிழ்ந்த ஒற்று, ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க, இவ்ளோ புளிக்குது? புல்லு வேற மிதக்குது."

"அத்தை கைப்பக்குவம் அப்படி, மாமா. உங்களுக்குப் பழகியிருக்குமே."

"எந்த அத்தைங்க?"

"உங்க வீட்டம்மாதான். உள்ள அடுப்புல நிக்கிறாங்க."

ஒற்றின் வீட்டம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். காலையில்தான் சீருடையோடு கிளம்பினாள். அவர் கைத்துண்டை மேசையில் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனார். எட்டிப் பார்த்தார். அதே வேகத்தில் திரும்பி வந்தார். முகத்தில் நிம்மதியா கோபமா என்று சொல்ல முடியவில்லை.

"அது என் மனைவி இல்லைங்க."

அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இவனுக்குப் புரியவில்லை. குடும்பச் சண்டையோ? நடுவில் நாம் புகலாமா?

நல்லவேளையாக மகள் வந்து சேர்ந்தாள். ஏப்ரனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். இருவரும் மாறி மாறிச் சொன்னதைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"தாய்னா தாய்லாந்து, லூசு. எங்கம்மா எப்படா ஹோட்டல் வச்சாங்க?"

இரண்டு வருஷக் காதல் ஒரு சொல்லில் மூழ்கிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா முன்னால் ஊமையாக நிற்பதைவிட எதையாவது சொல்லித் தொலைக்கலாம் என்று மெக்கானிக்குக்குப் பட்டது.

"தாயோட உணவகம்னு நெனச்சிட்டேன் சார். அந்த 'ஓட' எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டிருக்கும்னு..."

நின்றுகொண்டிருந்த ஒற்று தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வேற்றுமை உருபு மறைஞ்சு வந்திருக்குங்கிறீங்க."

அப்படிச் சொன்னதாக அவனுக்கே தெரியாது. இருந்தாலும் தலையாட்டினான். அவர் கண்ணை மூடி உதட்டை அசைத்து எதையோ சரிபார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"இவர் படிச்சதுல பிழையில்ல. நீ எழுதினதுலதான்."

"அப்பா, கேள்வி அது இல்ல. உங்களுக்குச் சம்மதமா?"

அவர் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளி, அவனைப் பார்த்து, "உக்காரு" என்றார்.

மெக்கானிக் நின்றபடி விழித்தான். இதுவரை 'ங்க' போட்டுப் பேசியவர், சம்மதம் கேட்டதும் அதைப் பிடுங்கிக்கொண்டார். காரியம் கெட்டதென்றே நினைத்து ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கப் போனான்.

மகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடா. வீட்டு ஆளுங்களுக்கு அவர் 'ங்க' போட்டதே இல்ல" என்று காதில் சொன்னாள். அவள் கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று விளங்காமலே அவன் உட்கார்ந்தான். உள்ளேயிருந்து அம்மாள் அடுத்த மேசைக்குத் தட்டு எடுக்கச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தாள்.