பலகைக்கு எண்ணூறு

பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு, உள்விளையாட்டரங்கின் முதல் மாடியில், லைட்வெயிட் பிரிவின் மூன்றாம் நிலைக் குத்துச்சண்டை வீரன் எடை மேடையில் ஏறினான். அறுபது கிலோ நானூறு கிராம் என்று பதிவானது. பிரிவின் உச்சவரம்பு அறுபத்தொன்று இருநூறு. பன்னிரண்டே காலுக்குப் படிக்கட்டில் விழுந்தான். ஒன்றரைக்கு மருத்துவமனையில் இறந்தான். வயது இருபத்துமூன்று.

மூன்று மணிக்கு அவனுடைய அக்கா அவசரப் பிரிவின் நடைகூடத்தில் உட்கார்ந்து அவன் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். நான்காக மடித்து, ஓரத்தை நீவி, பிரித்து, மறுபடி மடித்தாள். சலவைக்கூடத்தில் ஒன்பது வருடம் பழகிய கை. பக்கத்தில் அம்மா மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர் பெஞ்சில் பயிற்சிக்கூடத்து ஆட்கள். அழுது முடித்து, டீ குடித்து, பேச ஆரம்பித்திருந்தார்கள். முதலில் தாழ்ந்த குரலில்தான்.

"அப்ப சாம்பியனோட யாரு மோதப்போறா?" என்றான் நெட்டை. அவன் அதே பிரிவின் தரவரிசையில் ஐந்தாவது.

"தபால்காரன்தான். முதல் இடத்துல இருக்கான்ல," என்றார் கண்ணாடிக்காரர். விளையாட்டுப் பத்திரிகையில் தரவரிசை எழுதுகிறவர்.

"அவனா? பத்து குத்து விட்டா ஏழு பக்கத்து வீட்டுக்குப் போகுது."

"சரி, ரெண்டாவது? இடதுகைக்காரன்?"

"அவன் தாடை முட்டை ஓடுங்க. தும்மினாலே விரிசல் விடும்."

"நம்மாளு இருந்திருந்தா ரெண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டிருப்பான். இப்ப நாலாவது ஆளுக்கு யோகம். உட்கார்ந்த இடத்துலயே மூணாயிட்டான். நீயும் நாலு."

"நான் அதுக்காகக் கேக்கலீங்க."

"கேட்டா மட்டும் என்ன, உள்ளதுதானே?"

துண்டு மடியிலேயே நின்றது.

"வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றாள் அக்கா. "உள்ள அவன் உடம்பு சூடு ஆறல. அதுக்குள்ள எடத்துக்கு அடிச்சுக்கிறீங்களே."

நெட்டை தலையைக் குனிந்துகொண்டான். கண்ணாடிக்காரர் எழுந்து வந்தார்.

"கோவிச்சுக்காதம்மா. அவன் பெருமையைத்தான் பேசறோம். மத்தவன்லாம் வரம்புல மூச்சைப் பிடிச்சுட்டு நிப்பான். உன் தம்பி எண்ணூறு கிராம் கம்மியா வந்து நின்னான். இருபது வருஷமா எடை பாக்கறேன், இப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கண்டதில்ல."

"எவ்வளவு கம்மி?"

"எண்ணூறு. இந்தா, பாரேன்." நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

அவள் பார்த்தாள். அந்த எண்ணை அவள் படிக்க வேண்டியிருக்கவில்லை. தினம் நாற்பது மூட்டை எடை போடுகிறாள். துணி நனையாமலிருக்கத் தராசின் மேல் ஒரு பலகை போடுவார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் பலகைக்கு எண்ணூறு கழித்துத்தான் சீட்டில் எழுதுவாள். யோசித்துச் செய்கிற வேலை இல்லை; கையே கழித்துவிடும்.

அன்று காலை ஆறு மணிக்கு அவன் பயிற்சியாளர், மாஸ்டர், அவனை அந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் கூட்டி வந்தார். துணி உலர்த்தும் அறையின் சூட்டில் வியர்வை வடிக்க. பயிற்சிக்கூடத்து ஆட்களுக்கு அது பழக்கம். அவள்தான் சாவி வைத்திருந்தாள். இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்காதவன், முதல் தடவை உள்ளே இருந்துவிட்டு வந்து உதடு வெடித்து நின்றான். தராசுத் தட்டு சில்லென்று ஈரமாக இருந்தது. வெறுங்கால் வழுக்கும் என்று அவள்தான் பலகையை எடுத்துப் போட்டாள். எண்ணைப் படித்தவர் மாஸ்டர்; பலகைக்கு யாரும் கழிக்கவில்லை.

"அறுபத்திரெண்டு. எண்ணூறு ஜாஸ்தி. மறுபடி உள்ள போடா."

பிளாஸ்டிக் அங்கியோடு உள்ளே போனான். நாற்பது நிமிடம். நடுவில் கதவைத் தட்டி, "அக்கா, தலை சுத்துது," என்றான். "இன்னும் கொஞ்ச நேரம்தான்டா," என்று அவள்தான் வெளியிலிருந்து சொன்னாள்.

அந்த நாற்பது நிமிடம் தேவையே இருக்கவில்லை.

மாஸ்டர் மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வந்து அவள் முன்னால் குனிந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"டாக்டர் உன்னைக் கூப்பிடுவாங்கம்மா. அப்பாவுக்கும் இதயம்தானே? அதையே சொல்லு. ரெண்டு நாளா காய்ச்சல்னு சொல்லு. உலர்த்தற ரூம் பேச்சே வேண்டாம். உடம்பை அறுக்காம இன்னிக்கே குடுத்துடுவாங்க."

"மாஸ்டர், பலகை எவ்வளவு எடை?"

"எந்தப் பலகை?"

"காலைல அவன் ஏறி நின்ன பலகை."

அவருக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அரங்கத்து மேடைல கம்மியா காட்டினப்ப என்ன நினைச்சீங்க?"

"அவங்க தராசு கோளாறுன்னு..."

"இருபத்தஞ்சு வருஷமா இதே தொழில். உசுரோட ஒருத்தனை நிக்கவச்சு எடை பாக்கத் தெரியல உங்களுக்கு!"

"கத்தாதம்மா. பலகையைப் போட்டது நீதானே?"

"ஆமா, நான்தான்." அவள் எழுந்துவிட்டாள். "நான்தான் போட்டேன். நான்தான் வெளிய நின்னு கதவைப் பிடிச்சேன். அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போறேன்."

மாஸ்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. பிள்ளையை அறுக்கணுமா?"

அம்மா அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை, முதல்முறை பார்க்கிறவளைப் போல, வெகுநேரம். பிறகு பெஞ்சில் ஓரமாக நகர்ந்து, மகள் உட்கார்ந்திருந்த இடத்தில் பையை எடுத்து வைத்தாள்.

மருத்துவர் கதவைத் திறந்து, "அக்கா யாரு?" என்றார். அவள் உள்ளே போனாள்.

மேசைமேல் பாதி நிரப்பிய ஒரு படிவம் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் பென்சிலால் இதயம் என்று எழுதியிருந்தது.

"நேத்து ராத்திரி சாப்பிட்டாரா?"

"மூணு நாளா சாப்பிடல. ரெண்டு நாளா தண்ணியும் இல்ல. காலைல நாங்க அவனைச் சூட்டு ரூம்ல அடைச்சோம். ரெண்டு தடவை."

"நாங்கன்னா?"

"மாஸ்டரும் நானும். ரெண்டாவது தடவை அடைக்கவே வேண்டியதில்ல. நாங்க எடையைத் தப்பாப் பார்த்தோம்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை எழுதினா போலீஸுக்குப் போகும். உங்க மேலயும் வரும். தெரியுமா?"

"எழுதுங்க."

மருத்துவர் அந்தப் படிவத்தை ஒதுக்கிவிட்டு இழுப்பறையிலிருந்து வேறொன்றை எடுத்தார். அது நான்கு பக்கம் இருந்தது.

பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவானது. உடல் மறுநாள் மதியம் ஒன்றே காலுக்குக் கொடுக்கப்பட்டது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். அக்கா அப்போது காவல் நிலையத்தில் இருந்தாள்.