யானை இருந்த இடம்

"இதை ஏற்கெனவே எங்கேயோ பார்த்திருக்கிறேன்" என்று மார்த்தா இரண்டாவது முறையும் எழுதி அனுப்பியபோது ரைசாவால் மறுக்க முடியவில்லை. அவளும் எங்கேயோ பார்த்துத்தான் வரைந்திருந்தாள். கண்ணாடி போட்ட டைனோசர் இணையத்தில் கிடைத்தது. கன்னம் சிவந்த மேகம் கடைவீதியில் ஏதோ குழந்தையின் சட்டையில் இருந்தது.

மார்த்தா, ஸ்பெயினில் குழந்தைகள் உடை விற்கும் கம்பெனியின் டிசைனர். இன்று மதியம் நேரிலேயே வருகிறாள். பெருமாநல்லூர் சாலையில் மயில்சாமியின் பனியன் கம்பெனியில் காலையிலிருந்தே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி மயில்சாமி சுற்றி வளைக்கவில்லை. "இன்னிக்கும் அந்தம்மா வேண்டாம்னுட்டா, டிசைன் வேலைய கோயமுத்தூர் ஸ்டுடியோவுக்குக் குடுத்துர்றனுங்க அம்மிணி. நீங்க பழையபடி லேபிளப் பாத்துக்கங்க."

லேபிள் என்றால், சட்டையின் உள்பக்கம் உறுத்தும் அந்தத் துண்டு. வெந்நீரில் போடாதே, முறுக்காதே என்று சொல்லும் குட்டிப் படங்களை அடுக்கும் வேலை. அந்த மேஜையிலிருந்து எழுந்து ரைசா டிசைனர் நாற்காலிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மகள் டிசைனர் என்று அத்தா தெருவுக்கே சொல்லி முடித்துவிட்டார்.

கம்ப்யூட்டர் திரை வெள்ளையாகக் கிடந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பைப் பையில் போட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வெளியே போனால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தது தப்பு. கண்ணில் பட்டதெல்லாம் யாரோ எப்போதோ சட்டையில் அடித்துவிட்ட படமாகவே இருந்தது. சோமனூர் பஸ்ஸின் முதுகில் மயில். அடித்தாயிற்று. தள்ளுவண்டியில் அன்னாசி. அதுவும் ஆயிற்று. சிக்னலில் சிவப்பு விழுந்தபோது, இந்த உலகத்தில் இனி வரைவதற்கு எதுவுமே மிச்சமில்லை என்று அவளுக்கு அழுகை வந்தது.

கடைசியில் சுப்பண்ணனின் பிரிண்டிங் பட்டறைக்குள் வண்டியைத் திருப்பினாள். ஊரில் பல கம்பெனிகளின் துணிகளுக்கு அங்கேதான் படம் ஏறுகிறது. புதிதாக ஒரு படத்தின் ஸ்கிரீன் மாட்டும்போதெல்லாம் சாயம் சரியாக விழுகிறதா என்று முதலில் ஒரு கழிவுத் துணியில் அடித்துப் பார்ப்பார்கள். ஒரே துணி, திருப்பித் திருப்பி. அந்தத் துணி ஆணியில் தொங்கியது. ஒரு யானையின் மடிந்த காது, தும்பிக்கை மேல் ஆரஞ்சுப் பழம், அதன் மேல் சைக்கிள் சக்கரம், எல்லாவற்றின் குறுக்கே தலைகீழாக எழுத்துகள். விளிம்பெல்லாம் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து கலந்திருந்தன.

ரைசாவின் கால் ஆடுவது நின்றது.

"அண்ணா, இந்தத் துணி எனக்கு வேணுங்க."

"வண்டி தொடைக்கவாங்க அம்மிணி? நல்ல துணியாவே தர்றனுங்க" என்றார் சுப்பண்ணன்.

அவள் அதற்குள் படம் பிடித்து லேப்டாப்பில் ஏற்றிவிட்டாள். வெட்டினாள், பெரிதாக்கினாள், நிறத்தைக் கூட்டினாள். அங்கிருந்த டிஜிட்டல் மெஷினிலேயே ஒரு குட்டிச் சட்டையில் அடித்து வாங்கினாள். சூடு ஆறாத சட்டையை உயர்த்திப் பிடித்துத் திரும்பியபோதுதான் பக்கத்து மேஜை தெரிந்தது.

அதில் வரிசையாகச் சட்டைகள். ஒவ்வொன்றிலும் முழு யானை. அதே தும்பிக்கை, அதே மடிந்த காது. வேறொரு கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பும் ஆர்டர்.

ஒருவர் படம் இன்னொருவர் சட்டைக்குப் போகக் கூடாது. தொழிலின் முதல் பாடமே அதுதான். அவசரத்தில் அது அவள் நினைவில் இல்லை. யானை மட்டுமா, ஆரஞ்சும் சக்கரமும்கூட யாரோ ஒருவருடையவைதானே.

ரைசா போனில் சொன்னபோது மயில்சாமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காதும் தும்பிக்கையும்தானே தெரிகிறது, விட்டுவிடச் சொன்னார்.

"யாரோ உக்காந்து வரைஞ்சிருப்பாங்க சார்."

"இருக்கட்டுங்க. அந்தம்மா கார் அவிநாசி தாண்டிருச்சு, இப்ப வந்துருமுங்க."

ரைசா போனை வைத்தாள். மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள். யானையை ஓரம் தெரியாமல் அழித்தாள். பழம், சக்கரம், எழுத்து எல்லாம் போயின. மிஞ்சியது படங்களுக்கு வெளியே வழிந்த சாயமும், யாரோ விரல் துடைத்த கோடுகளும்தான். யானை இருந்த இடம் பெரிய வெள்ளையாகக் கிடந்தது. அங்கே எதை வைப்பது என்று தெரியவில்லை. அப்படியே சில சட்டைகளில் அடித்து எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் பறந்தாள்.

மார்த்தா ஒரு சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். இதை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்றாள். மயில்சாமியின் முகம் மலர்ந்தது. எனக்குப் பிடிக்கவும் இல்லை என்றாள். கோயமுத்தூருக்குப் பேச அவர் கை போனைத் தேடியது.

நடுவில் ஏன் காலியாக இருக்கிறது என்று மார்த்தா கேட்டாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ரைசா உள்ளதைச் சொன்னாள். அங்கே இன்னொருவருடைய யானை இருந்தது, எடுத்துவிட்டேன். மயில்சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

மார்த்தா சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. அப்படியானால் உன்னுடையது எது என்று கேட்டு, மேஜை மேலிருந்த மார்க்கரை நீட்டினாள்.

ரைசா சட்டை மேலேயே ஒரு கோடு போட்டாள். கோணிப்போயிற்று. அடுத்த சட்டை. அதுவும் போயிற்று. வியர்வையில் மார்க்கர் வழுக்கியது. அப்போது, அக்கா மகன் சாஹில் தினமும் பனியனுக்குள் தலை மாட்டிக்கொண்டு கண் தெரியாமல் வீடெல்லாம் ஓடுவது ஞாபகம் வந்தது. முகம் இல்லை. மேலே தூக்கிய இரண்டு கைகள், கீழே தொப்பை, ஓடும் கால்கள். வேகமாகப் போட்டாள். சுற்றிலும் சாயம் சிதறிக் கிடக்க, எங்கேயோ முட்டிக்கொள்ளப் போகிறது அந்தக் குழந்தை.

மார்த்தா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். குழந்தையின் கை இன்னும் கொஞ்சம் கோணலாக இருக்கட்டும் என்று இன்னொரு மார்க்கரை எடுத்தாள். இருவரும் மேஜையில் கிடந்த வெள்ளைச் சட்டைகளில் குனிந்து கிறுக்க ஆரம்பித்தார்கள். வெளியே காத்திருந்த டிரைவரைச் சாப்பிடப் போகச் சொல்லியனுப்பினாள்.

மயில்சாமி மெதுவாக அருகில் வந்தார். "ஏனுங்க அம்மிணி, கோயமுத்தூருக்குப் பேசட்டுங்களா, அந்தம்மா என்ன சொல்றாங்க?"

ரைசா நிமிரவில்லை. "அது அப்புறம் பாத்துக்கலாமுங்க சார். வெள்ளச் சட்டை தீந்துருச்சு, இன்னும் கொஞ்சம் வேணும்."

மயில்சாமி யாரையும் கூப்பிடாமல் தானே போய் ஒரு கட்டு தூக்கி வந்தார்.