இரும்புத்தோளார் லாரிக்கு பவர் ஸ்டியரிங்

அந்தப் பச்சை லாரியைத் திருப்ப இரும்புத்தோளார் ஒருவரால்தான் முடியும். இது ஊர் சொன்ன பேச்சில்லை. அவரே வாய் ஓயாமல் சொல்லிவந்தது. ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி. வழியில் படுத்துவிட்ட வண்டிகளைக் கட்டி இழுத்துவருவது அதன் பிழைப்பு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஆளுக்கு வேர்த்துக் கொட்டிவிடும். பட்டப்பெயர் வந்தது அதனால்தான். அந்தப் பேர்மேல் அவருக்கிருந்த ஆசை, மழைக்காலத்திலும் அவர் போட்டுத் திரிந்த கையில்லாத பனியனிலேயே தெரியும்.

அந்தத் தோளில்தான் சவ்வு கிழிந்தது. இனி அந்த ஸ்டியரிங்கைத் தொட்டால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் மறுநாளே பழைய இரும்புக்காரரிடம் லாரியை விலை பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு அடங்குன வண்டி. வேற எவனுக்கும் அடங்காது. உடைச்சிரட்டும்."

தையல் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அவர் மனைவி கேட்டாள்: "பவர் ஸ்டியரிங் போட்டா எனக்கு அடங்குமே?"

"உனக்கா? லைசென்ஸுக்கு எங்க போவ?"

அவள் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள். கனரக வண்டிக்கானதே. அவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்வந்தது அவரைத் தவிர தெருவுக்கே தெரியும்.

"ராணுவ வண்டிக்குப் போய் பவர் ஸ்டியரிங்கா? புலிக்கு ஃபீடிங் பாட்டில் வச்ச மாதிரி இருக்கும்!"

"புலி இப்ப இரும்புக்கடைக்குல்ல போகுது? இந்த மிஷினுக்கு மோட்டார் போட்டப்பவும் இப்படித்தான் குதிச்சீங்க. காலால மிதிச்சாதான் தையலா?"

இரும்புக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் லாரி அவள் கைக்கு வந்தாக வேண்டும். மெக்கானிக்கான அவள் தம்பி, உடைத்துப்போட்ட பஸ் ஒன்றிலிருந்து எண்ணெய் பம்ப்பையும் சக்கரத்தைத் தள்ளிக்கொடுக்கும் சிலிண்டரையும் கழற்றிவந்தான். பம்ப்பை எஞ்சின் பெல்ட்டில் மாட்டி, சிலிண்டரை முன் அச்சோடு சேர்த்து வெல்டு வைத்தான். இரும்புத்தோளார் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து குறை சொன்னார். அதற்கு மட்டும் தோள் வலிக்கவில்லை.

சனிக்கிழமை, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி எஞ்சினை ஓட விட்டார்கள். அவள் ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டதுதான் தாமதம், அது தானே விர்ரென்று சுற்றிக் கடைசியில் போய் மோதி நின்றது. அவள் கையை எடுத்ததால் விரல் தப்பியது.

"பாத்தியா! என் வண்டி யாருன்னு காட்டிருச்சுல்ல!" நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

அவள் எஞ்சினை அணைத்தாள். "டேய், நான் இந்தப் பக்கம் ஒடிச்சா எண்ணெய் எதிர்ப்பக்கம் தள்ளுது. ரெண்டு ஓஸ் பைப்பையும் மாத்திப் போட்டுட்டியா?"

தம்பி குனிந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "பஸ்ல இருந்த மாதிரியே மாட்டிட்டேன் அக்கா. இதுல சிலிண்டர் திரும்பி உக்காந்திருக்கு."

"கடைசில மச்சினன் வண்டியைக் கெடுத்துட்டான்" என்றார் இரும்புத்தோளார்.

"ரெண்டு நட்டு மாமா. நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள மாத்திருவேன்." மாற்றியும் விட்டான், அவர் பேசி முடிக்கவில்லை.

ஞாயிறன்று இரும்புக்காரர் வந்தபோது லாரி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த வளைவில் இரும்புத்தோளார் எப்போதும் முன்னும் பின்னும் எடுத்து, முக்கி முனகித்தான் திரும்புவார். முனைவீட்டுக்காரர் வழக்கம்போல மதிலைக் காக்க ஓடிவந்து நின்றார். அவள் ஒரே ஒடிப்பில் திருப்பி, அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

இரும்புக்காரர் வாயைப் பிளந்தார். "அண்ணே, இதை உடைக்க மனசு வரலை. நானே ஓட்டிக்கறேன். விலையைக் கூட்டித் தர்றேன், என்ன சொல்றீங்க?"

இரும்புத்தோளார் மனைவியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். கடைசியில் தோளைத் தடவிக்கொண்டார்.

"விக்கறதுக்கில்ல."

"எவனாலயும் ஓட்ட முடியாதுன்னீங்க?"

"எவனாலயும்னுதானே சொன்னேன்?"

இரும்புக்காரர் போன சூட்டோடு, எங்கோ அச்சு முறிந்து நிற்கும் லாரிக்காக போன் வந்தது. அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். அவர் கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் நடந்துவிட்டு, பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"சங்கிலி மாட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்ல" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

வண்டி நகர்ந்ததும் நல்ல கையை ஜன்னலுக்கு வெளியே போட்டு, "வரலாம்... வரலாம்... இந்தப் பக்கம் இடம் இருக்கு!" என்று தெருவே அதிரக் கத்தினார். தெரு காலியாகத்தான் கிடந்தது.