உப்புத் தண்ணியின் வேகம்

அப்பாவின் ஆள்காட்டி விரல் சுழலும் இசைத்தட்டின் விளிம்பில் படுகிறது, அழுத்தாமல், காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல, தட்டு தளர்கிறது, பொம்மைபோலக் கீச்சிட்ட குரல் இறங்கி இறங்கி ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் வந்து நிற்கிறது, இதுதாம்மா நான் என்கிறார், விரலை எடுக்கிறார், குரல் மறுபடி பொம்மையாகிறது, எனக்கு ஏழு வயது, நான் சிரிக்கிறேன், அந்தச் சிரிப்பை எங்கே போய்க் கழுவுவது, அவர் இறந்து நாற்பது நாள் ஆகிறது, பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் அவருக்கு நினைவுக் கூட்டம், மூன்றாவது வரிசையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், மெட்ராஸின் முதல் ராக் அண்ட் ரோல் ராஜா எபநேசர் என்று துணியில் எழுதிக் கட்டியிருக்கிறார்கள், படத்தில் அவருக்கு இருபத்திரண்டு வயது, தலையில் அரைப் புட்டி எண்ணெய், இதே ஹாலில்தான் பதினெட்டாம் நம்பர் பஸ் என்ற பாட்டை ஒரே சனிக்கிழமையில் ஐந்து முறை பாடச் சொல்லிக் கத்தினார்களாம், அந்த ஒரு பாட்டோடு அவரை இருபத்திரண்டு வயதிலேயே ஆணியடித்து மாட்டிவிட்டார்கள், அதற்குப் பிறகும் அவருக்கு வயதானது என்பது இவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவருக்கு முப்பத்தைந்து வயதில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது, தெருமுனை அடிபம்பில் குடத்தோடு நிற்கிறார், முதல் இரண்டு இழுப்புக்கு வெறும் காற்று, மூன்றாவதற்குத்தான் தண்ணீர், அதுவும் கை இறங்கியதும் வராது, இனி வராது என்று நாம் நினைத்த பிறகு ஒரு துளி நேரம் தள்ளி வரும், அந்தத் தள்ளலைக் கேட்டவர் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்து பேஸ் கிதாரை எடுத்தார், குடத்தை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான், பாட்டு மட்டும்தான் வீட்டுக்கு வந்துச்சு என்று அம்மா இன்றும் சொல்வாள், அமெரிக்காவில் இப்படித் தள்ளி விழும் தாளத்துக்கு ஃபங்க் என்று பெயர், அந்தத் தட்டுகளை அவர் கேட்டிருக்கிறார், ஆனால் பம்பு எங்கள் தெரு பம்பு, ராக் அண்ட் ரோலுக்குக் காலு போதும், இதுக்கு இடுப்பு வேணும், அடி கொஞ்சம் லேட்டா விழணும், லேட்டாத்தான் விழணும் என்பாராம், உப்புத் தண்ணி என்று பெயர் வைத்து ஸ்டூடியோவில் பாடிக் கொடுத்துவிட்டு வந்தார், தட்டு வெளிவந்தபோது வேறொருவன் பாடுவதுபோல இருந்தது, நாடாவை வேகமாக ஓட்டித் தட்டில் ஏற்றியிருந்தார்கள், அவரைக் கேட்காமல், தள்ளி விழ வேண்டிய அடியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு ஓடியது, அவர் வெல்டராக இருந்த தொழிற்சாலையின் கேன்டீனில், டேய் எபி, உன் தொண்டைல எலி மாட்டிக்கிச்சாடா என்று கேட்டார்கள், அவரும் சேர்ந்து சிரித்தாராம், அதோடு பாடுவதை விட்டார், இருபத்து மூன்று வருடம் வெல்டிங் மட்டும் செய்தார்.

கல்லூரியில் படிக்கும்போது, ஆய்வகத்தில் யாரும் இல்லாத மதிய நேரத்தில் அந்தத் தட்டை ஒலியை அலையாக வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் போட்டுப் பார்க்கிறேன், பாட்டு தொடங்குவதற்கு முன் அடியில் ஒரு ரீங்காரம் இருக்கிறது, ஸ்டூடியோ மின்சாரத்தின் ரீங்காரம், நம் ஊர் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும், வேறு மாதிரி துடிக்க அதற்குத் தெரியாது, தட்டில் ஐம்பத்தேழு இருந்தது, அந்த அளவுக்கு வேகமாக ஓட்டியிருக்கிறார்கள், வரைதாளில் வரைந்து எடுத்துக்கொண்டு ஓடுகிறேன், அப்பா, அம்பத்தேழுப்பா, ப்ரூஃப் இருக்கு, அவர் சாக்ஸை உதறிக்கொண்டே, எனக்குக் காது இருக்கும்மா என்கிறார், தெரிஞ்சும் ஏம்பா யாருகிட்டயும் சொல்லல, யாரு கேட்டாங்க, நான் அந்த வரைதாளைக் கசக்கி அவர் காலடியில் எறிந்தேன், இரண்டு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை, போன வாரம் அவருடைய பைபிளை நான் திறந்தபோது அது உள்ளே இருந்தது, ஒவ்வொரு கசங்கலையும் நீவி நான்காக மடித்து, இப்போது என் கைப்பையில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய்ப் பேச வேண்டும் என்றுதான் வந்தேன், பேர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மேடையில் ரெகார்ட் பிளேயர் பக்கத்தில் லாசர் அங்கிள், அப்பாவின் டிரம்மர், மைக்கைப் பிடித்திருக்கிறார், பஸ் பாட்டு முடிந்து கைதட்டலும் முடிந்தது, அடுத்து நம்ம எபி பண்ணின ஒரு கூத்தக் கேளுங்க, உப்புத் தண்ணின்னு ஒண்ணு, ஒரே இழுவை, நான்தான் ஸ்டூடியோவுல சொன்னேன், யோவ், கொஞ்சம் ஓட்டி விடுங்கய்யா, ஜனங்க தூங்கிடப்போறாங்கன்னு, அப்படியும் தேறல பாவம் என்று சிரித்துக்கொண்டே ஊசியை வைக்கிறார், நீயா, எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கை வருடா வருடம் தின்ற நீயா, பொம்மை பாடத் தொடங்குகிறது, ஹால் சிரிக்கிறது, அம்மா சிரிக்கவில்லை, அவள் மடியில் குனிந்து எதையோ தேடுகிறாள், மடியில் ஒன்றும் இல்லை.

நான் எழுந்துவிட்டேன் என்பது படியேறும்போதுதான் தெரிகிறது, என்னம்மா வேணும் என்கிறார் அவர், வாய் திறந்தால் வார்த்தை வராது, கத்தல்தான் வரும், விரலை நீட்டித் தட்டின் விளிம்பில் வைக்கிறேன், ஏய், ஏம்மா, ஊசி போயிடும், கைய எடு, மாட்டேன் அங்கிள், என் குரல் மைக்கில் ஹால் முழுக்கக் கேட்கிறது, மாட்டேன், கோபத்தில் தோள்வரை நடுங்குகிறது, ஆனால் விரல் நடுங்கினால் அவர் குரல் நடுங்கும், அதனால் நடுங்கக் கூடாது, குரல் இறங்குகிறது, ஐம்பத்தைந்து, ஐம்பத்து மூன்று, எந்தக் கருவியும் வேண்டாம், எனக்கும் காது இருக்கிறது, சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நிற்கிறது, அப்பா வந்துவிட்டார், முப்பத்தைந்து வயதில், எண்ணெய் இல்லாத தலையோடு, லாசர் அங்கிளின் செருப்பு பழைய பழக்கத்தில் தரையைத் தட்டப் போகிறது, முந்திக்கொண்டு விழுகிறது, தவறுகிறது, மறுபடி தவறுகிறது, இனி வராது என்று நினைத்து அந்தக் கால் நிற்கும்போது அடி விழுகிறது, விரல் நுனி சூடேறி எரிகிறது, நான் எடுக்கவில்லை.