அம்மாவின் குரலும் ஆண் வாத்தும்

ஆக்லாந்துக்கு வடக்கே, காட்டு ஓடைகளில் வாழும் வாத்துகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறேன். பதிவு செய்த வாத்துக் குரலை ஒலிபெருக்கியில் போட்டால், எதிரி வந்துவிட்டான் என்று ஆண் வாத்து சண்டைக்கு வருமாம். எல்லோருக்கும் வந்திருக்கிறது. எனக்குத்தான் வரவில்லை.

அன்றும் புதருக்குள் சேற்றில் குப்புறக் கிடந்தேன். ஹென்டர்சன் வீட்டிலிருந்து அம்மா அழைத்தார். கைபேசி இன்னும் ஒலிபெருக்கியோடுதான் இணைந்திருந்தது.

“உந்த வாத்துப் படிப்பு எப்பயடா முடியும்? உன்னோட படிச்ச பிருந்தன் தகனினியில வீடும் வாங்கிப்போட்டான்!”

காடே அதிர்ந்தது.

“ஓம் அம்மா,” என்றேன்.

ஓடையிலிருந்து ஆண் வாத்து ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்து, ஒலிபெருக்கிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

இத்தனை வயதுக்கும் நான் துணியாத காரியம் அது. புதருக்குள் இன்னும் கொஞ்சம் பதுங்கிக்கொண்டேன்.